பந்தலில் கச்சேரி, சர்வர் எங்கே?

கேள்வி: எங்களுடையது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ராமநவமிக்குப் பத்து நாள் உற்சவம் நடத்துகிறோம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நாகஸ்வரமோ வாய்ப்பாட்டோ ஒரு கச்சேரி உண்டு. சிங்கப்பூர், டொரண்டோ என்று போய்விட்ட ஊர்க்காரர்களுக்காகப் போன வருடம் இலவச வீடியோ தளம் ஒன்றில் நேரலை போட்டோம். மூன்றாம் நாள் ஆலாபனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒளிபரப்பு நின்றுவிட்டது. காப்புரிமை என்று ஒரு வரி வந்தது; யாருடைய காப்புரிமை என்று இன்றுவரை தெரியவில்லை. இந்த வருடம் சொந்தமாகவே சர்வர் வைத்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டரும் 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பும் இருக்கின்றன. என் தங்கை மகன் என்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான், லினக்ஸ் தெரியும் என்கிறான். ஒரே நேரத்தில் 300 பேர் வரை வருவார்கள். எங்களிடம் பழைய கேசட் பதிவுகளும் நிறைய இருக்கின்றன. அவற்றை வானொலி மாதிரி நாள் முழுக்க ஓடவிடவும் ஆசை. முடியுமா? என்னென்ன வேண்டும்?

- உற்சவக் கமிட்டிச் செயலாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முடியும். சர்வரை நிறுவுவது உங்கள் தங்கை மகனுக்கு ஒரு சாயங்கால வேலைதான். ஆனால் அதை ஆபீஸ் அறையில் வைக்க வேண்டாம். ஒலியும் படமும் ஒரே வழியில்தான் போக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஒலிக்குச் சொந்த சர்வர் வையுங்கள். படத்தைப் போன வருடம் மாதிரி வெளித் தளத்திடமே விட்டுவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வானொலி நிலையத்துக்குப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒரே செலவு. இணைய ஒலிபரப்பு பந்தி மாதிரி. எத்தனை பேர் உட்காருகிறார்களோ அத்தனை இலை போட வேண்டும். ஓரளவு தெளிவான 720 வரிப் படத்துக்கு ஒரு நொடிக்கு 2.5 மெகாபிட் தேவை. 300 பேருக்கு 750 மெகாபிட். உங்கள் 100 மெகாபிட் ஃபைபர் முழுவதையும் மேலேற்றத்துக்கே கொடுத்தாலும் நாற்பது பேரோடு மூச்சு நின்றுவிடும். அதுவே ஒலி மட்டும் என்றால் 96 கிலோபிட் போதும். 300 பேருக்கு 29 மெகாபிட் கூட ஆகவில்லை.

மொத்தப் போக்குவரத்தையும் பாருங்கள். மூன்று மணி நேரக் கச்சேரியை வீடியோவாகப் பார்க்கும் ஒருவருக்குப் போவது சுமார் 3.4 ஜிபி. 300 பேருக்கு ஒரு சாயங்காலத்திலேயே ஒரு டெராபைட். ஒலியாகக் கேட்டால் ஆளுக்கு 130 எம்பி, எல்லோருக்கும் சேர்த்து 39 ஜிபி, பத்து நாளைக்கும் 400 ஜிபிக்குள். மாதம் ஐந்தாறு டாலர் வாடகைக்குக் கிடைக்கும் சின்ன சர்வர்களில் பலவற்றுக்கு மாத அளவே ஒரு டெராபைட்டை ஒட்டித்தான் இருக்கும். ஒலி அதற்குள் சௌகரியமாக அடங்கும். வீடியோ முதல் நாளே அதைத் தின்று தீர்த்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் காசு.

சரி, ஒலிக்கு 29 மெகாபிட் போதும் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரே தாங்குமே என்று உங்கள் தங்கை மகன் கேட்பான். தாங்கும். ஆனால் வெளியிலிருந்து அதை யாரும் எட்ட முடியாமல் போகலாம். நம் ஊரில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்குத் தனி ஐபி முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரியின் பின்னால் நிற்கின்றன. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ தொடங்கினால் உங்களுடையது பொது முகவரி இல்லை. மாதம் இவ்வளவு என்று கட்டினால் தனி முகவரி தருவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உற்சவ சமயத்தில் கரண்ட் போனால் சர்வரும் சேர்ந்து போகும். அதோடு, கமிட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாராவது வரவு செலவு டைப் அடிக்க உட்காருவார்கள்.

ஆகவே சர்வரை வாடகைக்கு எடுங்கள். மும்பையிலோ பெங்களூருவிலோ சென்னையிலோ டேட்டா சென்டர் வைத்திருக்கும் நிறுவனமாக இருக்கட்டும். பந்தலிலிருந்து அங்கே ஒரே ஒரு பிரதி போகும். அங்கிருந்து 300 பிரதியாகப் பிரியும். உங்கள் ஃபைபரின் பாரம் அத்தோடு தீர்ந்தது.

அந்த சர்வரில் போட வேண்டியது ஐஸ்காஸ்ட். இருபது வருடத்துக்கும் மேலாக இணைய வானொலிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் இலவச மென்பொருள் அது. டெபியன், உபுண்டு இரண்டிலும் நேரடியாகவே கிடைக்கிறது. நிறுவும்போது மூன்று கடவுச்சொல் கேட்கும்: ஒலியை அனுப்புபவருக்கு ஒன்று, இன்னொரு சர்வர் இதிலிருந்து எடுத்து மறு ஒலிபரப்புச் செய்ய ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று. மூன்றையும் மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் இருக்கும் சொல் "ஹேக்மீ". வேடிக்கைக்காக வைத்த சொல் என்றாலும், அதை அப்படியே விட்டு வைத்திருக்கும் சர்வர்களைத் தேடிக்கொண்டு திரிபவர்கள் வேடிக்கைக்காரர்கள் அல்ல. ஆலாபனைக்கு நடுவே யாரோ குத்துப்பாட்டு ஓடவிட்டால் கமிட்டியில் யார் பதில் சொல்வது?

ஐஸ்காஸ்ட்டின் அமைப்புக் கோப்பில் இன்னும் இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டும். ஒன்று, கேட்போர் வரம்பு. அது 100 என்று இருக்கும்; 101-வது ஆளை உள்ளே விடாது. 500 என்று போட்டுவிடுங்கள். மற்றது பலருக்குத் தெரியாமலே போகிற வசதி: மாற்று மவுண்ட். மவுண்ட் என்பது சர்வரில் உங்கள் ஒலிபரப்புக்கு இருக்கும் முகவரி. பந்தலிலிருந்து வரும் ஒலி அறுந்துவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரையும் தானாகவே வேறொரு மவுண்ட்டுக்கோ, சர்வரில் கிடக்கும் ஒரு கோப்புக்கோ நகர்த்தி வைக்கும். ஒலி திரும்பி வந்ததும் மறுபடி கச்சேரிக்கே கொண்டுவந்துவிடும். மாற்றாகத் தம்பூரா சுருதிப் பதிவு ஒன்றைப் போட்டு வையுங்கள். இணைப்பு போன அரை நிமிடமும் சிங்கப்பூர்க்காரர் காதில் சுருதி ஓடிக்கொண்டிருக்கும், அவர் எழுந்து போகமாட்டார். ஒன்று கவனிக்க வேண்டும்: மாற்றுப் பதிவும் கச்சேரி ஒலியும் ஒரே வடிவத்தில், ஒரே தரத்தில் இருக்க வேண்டும். இது எம்பி3, அது வேறு என்றால் பாதிப் பேருடைய போன் திகைத்து நின்றுவிடும்.

வடிவம் எது என்றால் எம்பி3, மோனோ, 96 கிலோபிட். ஓபஸ் இதைவிடச் சிறந்தது, 2012-லேயே தரப்படுத்தப்பட்டது, பாதி அளவில் இதே தெளிவு தரும். இருந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் வைத்திருக்கும் எந்தப் பழைய போனிலும் எம்பி3 ஓடும். அதன் பேட்டன்ட்டுகளும் 2017-ல் தீர்ந்துவிட்டன. மைக்செட்டிலிருந்து வருவது எப்படியும் மோனோதான். ஸ்டீரியோ என்று இரட்டிப்பாக அனுப்புவது வீண்.

பந்தல் பக்கத்து லேப்டாப்பில் 'பட்' என்ற சின்ன மென்பொருள் போதும். சர்வர் முகவரி, 8000 என்ற போர்ட் எண், மவுண்ட், கடவுச்சொல் நான்கையும் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் போய்க்கொண்டிருக்கும். அனுப்புவதை அதே நேரத்தில் லேப்டாப்பிலும் பதிந்து வைக்கும். அந்த வசதியை மறக்காமல் போட்டு வையுங்கள். உங்கள் தளம் பூட்டுச் சின்னத்தோடு திறக்கும் தளமாக இருந்தால் ஒலியும் அதே பாதுகாப்பு வழியில் வர வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசர் அதை ஒலிக்க விடாது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம்தான். முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தி அதன் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், பையனுக்குப் புரியும்.

இனி சர்வரை விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நேரலை கெடுவது பெரும்பாலும் மைக்செட் மேஜையில்தான். மைக்செட்காரர் மிக்ஸரில் கலப்பது பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. தவிலுக்கு அங்கே மைக்கே தேவையில்லை, தெருக்கோடி வரை கேட்கும். அதனால் தவில் மைக்கை ஏறக்குறைய மூடியே வைத்திருப்பார். அவர் செய்வது சரிதான். ஆனால் அதே கலவையை அப்படியே இணையத்துக்கு அனுப்பினால் டொரண்டோவில் நாகஸ்வரம் மட்டும் தனியாக அழுதுகொண்டிருக்கும், தவில் பக்கத்துத் தெருவிலிருந்து கேட்கும். வாய்ப்பாட்டுக் கச்சேரியில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் இதே கதி.

இதற்கு மருந்து மிக்ஸரிலேயே இருக்கிறது. ஓரளவு நல்ல மிக்ஸர் எதிலும் 'ஆக்ஸ்' என்று தனி வெளியீடு உண்டு. பாடகருக்கு முன்னால் மானிட்டர் வைப்பதற்குப் பயன்படுத்துவார்கள். அதில் ஒன்றை உங்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மைக்கும் அதில் எவ்வளவு போக வேண்டும் என்று தனியாகத் திருகிக்கொள்ளலாம், பந்தல் சத்தம் மாறாது. ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் உங்கள் அளவு மாறாதபடி 'ப்ரீ' நிலையில் வைக்கச் சொல்லுங்கள். தவிலுக்கு ஒரு மைக் கட்டாயம் வைத்து, அதை உங்கள் வெளியீட்டில் மட்டும் திறங்கள். இதைக் கச்சேரிக்கு அரை மணி முன்னால் போய்க் கேட்டால் மைக்செட்காரருக்குக் கோபம் வரும். காலையில் காபியோடு போய்க் கேளுங்கள்.

மிக்ஸரிலிருந்து வரும் வயரை லேப்டாப்பின் ஹெட்போன் மைக் துளையில் செருக வேண்டாம். அது மைக்கின் மெல்லிய ஒலிக்கென்று செய்தது. மிக்ஸரின் வலுவான ஒலி அதில் நுழைந்தால் நசுங்கிக் கரகரக்கும். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள், கமிட்டி இந்த வருடம் புதிதாக வாங்க வேண்டியது அது ஒன்றுதான். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஒலியில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் ஏறினால் எர்த் பிரச்சினை. மிக்ஸருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சின்னப் பெட்டி ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அளவை வைக்கும்போது பாட்டைக் கேட்டு வைக்காதீர்கள். தவில்காரரை ஒரு முறை பலமாக வாசிக்கச் சொல்லி, அந்த உச்சத்திலும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். தனி ஆவர்த்தனத்தில் நீங்கள் ஓடிப்போய்க் குறைக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, ஓபிஎஸ் முதலிய நேரலை மென்பொருள்களில் 'இரைச்சல் நீக்கம்' என்று ஒரு வசதி இருக்கும். பார்த்தால் நல்லதாகத் தோன்றும், பையன் போட்டுவிடுவான். அது பேச்சுக்காகச் செய்தது. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் அதன் கணக்கில் மின்விசிறிச் சத்தம். தம்பூராவை முதலில் விழுங்கும். பிறகு பாடகர் நீண்ட கார்வை பிடிக்கும்போதெல்லாம் குரலையும் கடிக்கும். சங்கீதத்துக்கு அதை அணைத்தே வையுங்கள்.

படத்துக்கு வருவோம். இன்று நடைமுறையில் இருக்கும் வழி இது: கேமராவிலிருந்து ஓபிஎஸ், அங்கிருந்து ஆர்டிஎம்பி வழியாக சர்வர், சர்வர் அதை எச்எல்எஸ் ஆக்கிப் பார்வையாளருக்குத் தரும். ஃபிளாஷ் பிளேயருக்காகப் பிறந்த ஆர்டிஎம்பி, 2020 கடைசியில் ஃபிளாஷ் செத்த பிறகும் அனுப்பும் பக்கத்தில் மட்டும் ஆயுள் கெட்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த எச்எல்எஸ் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, வரிசைப் பட்டியலோடு சாதாரணக் கோப்புகளாக வைத்துவிடும். போன் இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் சேர்த்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அதனால் பதினைந்து இருபது நொடி பின்தங்கும். நீங்கள் தீபாராதனையைப் போனில் வர்ணித்து முடித்த பிறகுதான் அவர்கள் திரையில் தீபம் எழும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம், உற்சவத்துக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஓபிஎஸ்ஸில் வைக்க வேண்டியவை: 1280க்கு 720, நொடிக்கு 25 பிரேம், 2,500 கிலோபிட் மாறாத வேகம், கீஃபிரேம் இடைவெளி 2 நொடி. கீஃபிரேம் வரும் இடத்தில்தான் துண்டை வெட்ட முடியும் என்பதால் அதைத் தானியங்கியாக விடாதீர்கள். 30 பிரேம் வேண்டாம், 25 என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான சீரியல் பல்புகளும் அதற்கேற்ற தாளத்தில் துடிக்கின்றன. 30 பிரேமில் கோபுர அலங்காரம் முழுவதும் படபடத்துக் கண்ணை உறுத்தும். 25 பிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்தப் படத்தை ஓபிஎஸ் வெளித் தளத்துக்கு அனுப்பட்டும். அதே ஒலியைப் 'பட்' உங்கள் ஐஸ்காஸ்ட்டுக்கு அனுப்பட்டும். போன வருடம் மாதிரித் தளம் நடுவில் நிறுத்தினாலும் கச்சேரி காதில் தொடரும். வாட்ஸாப்பில் முதலில் ஒலியின் முகவரியை அனுப்புங்கள், வீடியோவினுடையது அதற்கு அடியில். ஏப்ரலில் நம்முடைய இரவு ஏழு மணி டொரண்டோவுக்குக் காலை 9.30, சிங்கப்பூருக்கு இரவு 9.30. ஒருவர் ஆபீஸில் இருப்பார், இன்னொருவர் படுக்கப் போகும் நேரம். போன் திரையை அணைத்த பிறகும் ஒலிக்கிற ஒன்றுதான் அவர்களுக்கு வேண்டும். படம் தடைப்பட்டால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பாட்டு அறுந்தால் போய்விடுவார்கள்.

வீடியோவும் சொந்த சர்வரில்தான் என்று பையன் ஒற்றைக்காலில் நின்றால் ஓன்காஸ்ட் போடச் சொல்லுங்கள். ஒரே மென்பொருளில் ஆர்டிஎம்பி வாங்கி, எச்எல்எஸ் ஆக்கி, பார்க்கும் பக்கத்தையும் அரட்டைப் பெட்டியையும் சேர்த்துத் தரும். துண்டுக் கோப்புகளை வெளிச் சேமிப்பகத்துக்கு நகர்த்தவும் அதில் வழி உண்டு. போக்குவரத்துச் சுமை அங்கே போய்விடும், பில்லும் அங்கிருந்து வரும். சின்ன சர்வரில் மூன்று நான்கு தரத்தில் மறுபடி வார்க்கச் சொல்லாதீர்கள், பிராசஸர் திணறும். வருகிற தரத்தை அப்படியே கடத்தினால் போதும்.

பந்தலுக்கு இணைப்பு வைஃபை இல்லாமல் லேன் வயரில் வரட்டும். மொபைல் இணைப்பை மாற்றாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைச் சோதிக்க வேண்டிய நேரம் மதியம் இரண்டு மணி அல்ல. ரதம் நகரும்போது ஊரே போனைத் தூக்கிப் பிடித்திருக்கும், அப்போது டவர் என்ன தருகிறது என்று பாருங்கள். மொபைல் ஒன்றுதான் கதி என்ற நிலை வந்தால் ஆர்டிஎம்பியை விட எஸ்ஆர்டி என்ற அனுப்பும் முறை தாக்குப்பிடிக்கும். அதற்கு மீடியாஎம்டிஎக்ஸ் போன்ற வேறு சர்வர் மென்பொருள் வேண்டும். கமிட்டியில் ஒருவர் பந்தலை விட்டுத் தள்ளி, மொபைல் டேட்டாவில், ஹெட்போன் போட்டு முழுக் கச்சேரியையும் கேட்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

காப்புரிமைக்கு வருகிறேன். தளங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பது இயந்திரம். ஒரே ராகம், ஒரே கிருதி, ஏறக்குறைய ஒரே சுருதி என்றால் விற்பனைக்கு வந்த ஏதோ ஒரு பதிவென்று அது சில நேரம் எண்ணிவிடும். போன வருடம் உங்களுக்கு நடந்தது அதுவாகவே இருக்கலாம். சொந்த சர்வரில் அந்த இயந்திரம் இல்லை, ஆனால் சட்டம் இருக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 38-ம் பிரிவு கலைஞருக்குத் தன் கச்சேரி மீது தனி உரிமை தருகிறது. சன்மானக் கடிதத்திலேயே நேரலைக்கும் பதிவுக்கும் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், பக்கவாத்தியக்காரர்களிடமும் தனித்தனியாக. 1847-ல் மறைந்த தியாகராஜருடைய கிருதிகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவன் பாடல்கள் அப்படி அல்ல; இயற்றியவர் மறைந்து அறுபது ஆண்டு என்ற கணக்கில் 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது.

கேசட் வானொலிக்கும் இதே அளவுகோல்தான். உங்கள் பந்தலில் நீங்களே பதிந்ததாக இருந்தால், கலைஞரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுக்கொண்டு ஓடவிடலாம். கடையில் வாங்கிய கேசட் கூடாது. இதற்கு அசுராகாஸ்ட் வசதியானது: உள்ளே ஐஸ்காஸ்ட்டே இருக்கிறது, பாட்டு வரிசையைப் பிரவுசரிலேயே அடுக்கலாம், பந்தலிலிருந்து நேரலை வந்ததும் அது பதிவை நிறுத்தி வழிவிடும். 2 ஜிபி ரேமாவது வேண்டும், ஒரு படி பெரிய சர்வராக எடுங்கள். இது வருடம் முழுக்க ஓட வேண்டிய சர்வர்.

பையன் பிடிவாதத்தில் வீடியோவுக்கென்று தனி சர்வர் எடுத்தால், அது பத்து நாளைக்குத்தான். அதை ஆஃப் செய்து வைத்தால் வாடகை நிற்காது. ஆஃபில் இருந்தாலும் பெரும்பாலான நிறுவனங்களில் மணிக்கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பதிவுகளை இறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொண்டு, பத்தாம் நாள் ராத்திரியே அந்த சர்வரை அழித்துவிடச் சொல்லுங்கள்.